மாற்றுச்சாவிக்கு மூலம் எது?

2024 ஜூலை 14 அன்று புரி ஜெகந்நாதர் கோயிலின் ரத்ன பண்டாரம் என்ற கருவூலத்தைத் திறக்கப் போன குழுவின் கையில் மாற்றுச்சாவிகள் இருந்தன. உள்ளறையின் மூலச்சாவியைக் காணவில்லை என்பது 2018 ஏப்ரலில் வெளியே தெரியவந்தது. அதே ஆண்டு ஜூனில் மாவட்ட ஆட்சியரகப் பதிவறையில் ஓர் உறைக்குள் மாற்றுச்சாவிகள் கிடைத்தன. ஆறாண்டு கழித்துப் போட்டுப் பார்த்தபோது அவற்றால் பூட்டு திறக்கவில்லை. பூட்டுகளை அறுத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. சாவி பிசகா, பூட்டு துருவேறிப்போனதா, உறைக்குள் இருந்தது வேறொரு பூட்டின் சாவியா என்று மூன்று விதமாகவும் கேட்கலாம்.

இடம் பெரிது. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அன்றாடம் எழுவது. தறிக்கூடத்தில் தொங்கும் பூட்டு, கிணற்றடிப் பம்புசெட் அறை, பருத்திக் குடோன், பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போன குடும்பம் பூட்டிவிட்டுப் போன வீடு, பதினைந்து வருடம் ஓடிய மொபெட் என்று ஒவ்வொன்றுக்கும் என்றாவது ஒருநாள் இன்னொரு சாவி தேவைப்படுகிறது. சாவி செய்பவர் எதைப் பார்த்து அதைச் செய்ய வேண்டும்?

இதற்கு நீண்ட காலமாக நான்கு விடைகள் வழங்கி வருகின்றன. பூட்டைப் பார்த்துச் செய்வது பழையது. கையிலிருக்கும் சாவியைப் பார்த்து வெட்டுவது இன்று பெருவழக்கு. ஆலை கொடுத்த எண்ணைப் பார்த்து வெட்டுவது மூன்றாவது. எதையும் பார்த்துச் செய்ய முடியாதபடி சாவியையே அமைத்துவிட வேண்டும் என்பது நான்காவது. சாவி வெட்டும் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் இந்த விடைகளில் ஒன்றை ஏற்றுக்கொண்டு பிறந்தவை. ஆகவே இயந்திரங்களின் வகைகளை விலை, விசை என்று பிரிப்பதைவிட, எதை மூலமாகக் கொள்கின்றன என்று பிரிப்பதே தெளிவு தரும் என்று தோன்றுகிறது.

பூட்டு எதைக் கேட்கிறது

எந்தச் சாவியும் சில உயரங்களின் வரிசைதான். நம் வீடுகளில் அதிகம் புழங்கும் பூட்டுகள் மூன்று வகை. லீவர் பூட்டில் தட்டையான தகடுகள் அடுக்காக இருக்கும். சாவிப் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். குறையத் தூக்கினாலும் கூடத் தூக்கினாலும் நகராத அமைப்பை இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் 1778இல் கொண்டுவந்தார். பழைய கதவுப் பூட்டுகளும் பெரும்பாலான பீரோப் பூட்டுகளும் திண்டுக்கல் பூட்டும் இந்தக் குடும்பம்.

பின் பூட்டில் சிறு உருளை ஒன்று பெரிய கூட்டுக்குள் சுழலும். ஸ்பிரிங் அழுத்தும் பின்கள் மேல்துண்டு, கீழ்த்துண்டு என இரண்டிரண்டாக உருளையைக் குறுக்கே மறித்து நிற்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லாப் பின்களின் இணைப்பும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை திரும்பும். அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1860களில் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். மூன்றாவது, மெல்லிய தகட்டுச் சில்லுகள் கொண்ட வேஃபர் பூட்டு. இருசக்கர வண்டிகளிலும் மேசை இழுப்பறைகளிலும் இருப்பது இதுவே. செலவு குறைவு, தேய்மானம் அதிகம்.

உயரங்கள் மனம்போல வருவதில்லை. அமெரிக்காவில் பரவலான குவிக்செட் பூட்டில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 0.58 மில்லிமீட்டர், மொத்தம் ஆறு ஆழங்கள். ஷ்லேக் நிறுவனப் பூட்டில் 0.38 மில்லிமீட்டர் இடைவெளியில் பத்து ஆழங்கள். ஐந்து பின் என்றால் கணக்குப்படி முன்னதில் 7,776 சேர்க்கைகள், பின்னதில் ஒரு லட்சம். நடைமுறை விதிகள் பலவற்றைக் கழித்துவிடும். இங்கே கவனிக்க வேண்டியது அந்த 0.38 என்ற எண்ணை. நான்கு விடைகளுக்கும் இடையேயான வழக்கு பெரும்பாலும் இந்த அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடத்துக்குள்தான் நடக்கிறது.

முதல் விடை: பூட்டே மூலம்

சாவி தொலைந்துவிட்டது, கையில் பூட்டு மட்டும் இருக்கிறது என்றால் அரம் பிடித்தவர் செய்வது இதுதான். துளையில் நுழையும் வெட்டாத சாவி ஒன்றை எடுத்து விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றுவார். பூட்டுக்குள் விட்டு அழுத்தித் திருப்புவார். தகடு எங்கே தடுக்கிறதோ அங்கே கரி அழிந்து தடம் விழும். அந்த இடத்தை மட்டும் ராவுவார். மறுபடி கரி, மறுபடி திருப்பல், மறுபடி அரம். பித்தளையில் பின் பதிக்கும் தடம் மிகச் சிறிய மினுக்கமாகத்தான் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கே அது அகப்படும்.

இந்த முறையின் பலம், அது பூட்டின் இன்றைய நிலையைப் படிக்கிறது என்பது. முப்பது ஆண்டு தேய்ந்த தகடு எங்கே நிற்கிறதோ அங்கே சாவி வந்து சேரும். யார் வெட்டிய சாவி, எத்தனையாவது பிரதி என்ற பேச்சே இல்லை. பலவீனம் வெளிப்படை: நேரம் பிடிக்கும், கைத்தேர்ச்சி வேண்டும், ஓர் இழுப்பு கூடினால் சாவி வீண். இன்னொன்று சற்றுக் கசப்பானது. மூலச்சாவி இல்லாமலே சாவி செய்யத் தெரிந்த கை யாருடையது என்பது முக்கியமாகிவிடுகிறது. கள்ளச்சாவி போடுகிறவருக்கும் பூட்டுக்காரருக்கும் வித்தை ஒன்றே. இதனாலேயே இத்தொழிலில் இருப்பவர்கள் மேல் ஊர் வைக்கும் சந்தேகப் பார்வையும் பழையது. அது பெரும்பாலும் நியாயமற்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த முதல் விடை இன்னும் உயிரோடு நிற்பது திண்டுக்கல்லால். அங்கே லீவர்களும் சாவியும் கையால் ஒன்றுக்கொன்று பார்த்து ராவப்பட்டு இணையாகப் பிறக்கின்றன. மாங்காய்ப் பூட்டு உள்ளிட்ட பல வடிவங்கள் இப்படி உருவானவை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அருப்புக்கோட்டை வட்டாரத்தின் பழைய வீடுகளில் இத்தகைய கைவேலைப் பூட்டு தொங்கினால் அதற்கு எண் அட்டவணை கிடையாது. அதன் காடிக்குப் பொருந்தும் வெட்டாத சாவியும் சந்தையில் கிடைப்பது அரிது. இயந்திரம் வைத்திருக்கும் கடைக்காரர் அங்கே பெரும்பாலும் கைவிரிக்க வேண்டியதுதான். மாங்காய்ப் பூட்டின் சாவி தொலைந்தால் தேட வேண்டியது அரம் பிடித்த ஒருவரை.

இரண்டாவது விடை: சாவியே மூலம்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசை, ஒரு மோட்டார், சுவர் நிறைய ஆணியில் தொங்கும் பிளாங்குகள்: இதுவே இன்று சாவிக்கடையின் முகம். பிளாங்க் என்பது காடி மட்டும் போட்டு, பல் வெட்டாமல் வரும் சாவி. பெரும்பாலும் பித்தளை, நிக்கல் பூசிய பித்தளை அல்லது இரும்பு.

இயந்திரத்தின் தத்துவம் ஒரே வரியில் அடங்கும்: ஒரு முனை மூலச்சாவியைத் தடவிப் போகிறது, அதோடு பிணைந்த இன்னொரு முனை பிளாங்கை வெட்டிப் போகிறது. நகரும் வண்டி ஒன்றின் மேல் இரண்டு பிடிகள் உண்டு. கடைக்காரர்கள் ஜா என்பார்கள். இடப்பக்க ஜாவில் மூலச்சாவி என்றால் வலப்பக்க ஜாவில் பிளாங்க். மூலச்சாவிக்கு எதிரே அசையாத தொடுமுனை, அதாவது கைடு. பிளாங்குக்கு எதிரே சுழலும் கட்டர். வண்டியை நெம்பி முன்னே தள்ளி, பக்கவாட்டில் நகர்த்தும்போது கைடு பள்ளத்தில் இறங்கும் அளவுக்கே கட்டரும் பிளாங்கில் இறங்குகிறது. கடைசியில் நைலான் அல்லது கம்பி பிரஷ்ஷில் காட்டிப் பிசிறு நீக்க வேண்டும். பிசிறு பூட்டுக்குள் விழுந்தால் பின் சிக்கும்.

எளிமையாகத் தோன்றும் இந்த அமைப்பில் நான்கு இடங்களில் பிழை நுழைகிறது. கைடின் நுனியும் கட்டரின் விளிம்பும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். கைடு அகலமாக இருந்தால் ஒடுங்கிய பள்ளத்தின் அடியைத் தொடாது, பிரதி மேடாகிவிடும். அடுத்து, கைடுக்கும் கட்டருக்கும் உள்ள ஆழ வேறுபாடு. இரண்டு ஜாவிலும் ஒரே மாதிரிப் பிளாங்கைக் கட்டி, கைடு தொடும் கணத்தில் கட்டரும் உரசுகிறதா என்று பார்த்துத் திருகைச் சரிசெய்ய வேண்டும். தேர்ந்த இயந்திரங்களில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் விளக்கு எரியும் மின்சுற்று இருக்கும். கட்டர் தேயத் தேய இந்தச் சரிபார்ப்பு திரும்பத் திரும்ப வேண்டும். வெட்டு சரியில்லாத சாவிகளில் பல, இதைத் தள்ளிப்போட்டதன் விளைவு என்று நினைக்க இடமுண்டு.

மூன்றாவது, நீளவாட்டு நிறுத்தம். சாவியின் பிடிக்குக் கீழே இருக்கும் தோளை இரண்டு ஜாவிலும் ஒரே இடத்தில் நிறுத்தத் தனித் தகடு உண்டு. தோளை அதில் ஒட்ட நிறுத்த மறந்தாலோ, தோளில்லாத சாவியை நுனி பார்த்து நிறுத்தாமல் குத்துமதிப்பாகக் கட்டினாலோ பற்கள் எல்லாம் ஓரமாக விலகிவிடும். ஆழம் சரியாக இருந்தும் பூட்டு திறக்காது. நான்காவது கைவேகம். கட்டரோடு சாவியை முரட்டுத்தனமாக அழுத்தினால் பிளாங்க் வளையும், ஜா விலகும். வண்டியை ஸ்பிரிங் விசையில் தானாக நகர்த்தும் அரைத் தானியங்கிகளும் முழுத் தானியங்கிகளும் இந்தக் கடைசிப் பிழையைக் குறைக்க வந்தவை. மற்ற மூன்றும் அவற்றிலும் உண்டு.

இதே தத்துவம் சாவியின் வடிவத்துக்கேற்ப உருமாறுகிறது. விளிம்பில் பல் வெட்டிய தட்டைச் சாவிகளுக்குக் கிடைமட்டக் கட்டர். முகத்தில் குழி குழியாகப் பதித்த டிம்பிள் சாவிக்கும், பக்கவாட்டில் பாம்பு போல நெளியும் காடி கொண்ட கார் சாவிக்கும் மேலிருந்து இறங்கும் செங்குத்துக் கட்டர். தண்டின் நுனியில் கொடி போல நிற்கும் பல் கொண்ட லீவர் சாவிக்கு ஒடுக்கமான வட்டக் கட்டர். குழாய்ச் சாவிக்கு வட்டமாகத் திருப்பி நிறுத்தும் ஜா. நாற்புறமும் பல் கொண்ட சாவிக்கு நான்கு முறை திருப்பிக் கட்டும் ஜா. எப்படிச் செருகினாலும் திறக்கும் டிம்பிள் சாவியை சுவிட்சர்லாந்தின் கபா நிறுவனம் 1934இல் கொண்டுவந்தது. செங்குத்து இயந்திரத்தின் தேவையே அத்தகைய சாவிகளால் வந்தது எனலாம். இத்தாலியின் சில்கா, கீலைன், ஸ்பெயினின் ஜேஎம்ஏ ஆகியவை உலகச் சந்தையில் பெயர் பெற்றவை. இந்தியச் சிறுகடைகளில் வென்ஷிங் போன்ற சீன இயந்திரங்கள் அதிகம் காணப்படுகின்றன.

இந்த விடையின் அடிப்படைப் பலவீனம் கணக்கில் இருக்கிறது. ஒரு பிரதியில் 0.05 மில்லிமீட்டர் பிழை என்று வைத்துக்கொள்வோம். பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொன்று என்று ஒரே திசையில் போனால் நான்காவது பிரதியில் 0.2 மில்லிமீட்டர். ஷ்லேக் வகைப் பூட்டில் அது பாதிப் படி. எந்த எண்ணுக்குரிய பள்ளம் என்றே சொல்ல முடியாத நிலை. பிழைகள் சில சமயம் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று வாதிடலாம், அது உண்மையும்கூட. தேய்மானம் மட்டும் எப்போதும் ஒரே திசையில்தான் போகும். உலோகம் குறையுமே தவிரக் கூடாது. கடைக்கு வரும் சாவி பெரும்பாலும் தேய்ந்த சாவி. புதுச் சாவியைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டுத் தேய்ந்ததைக் கொண்டுவந்து பிரதி கேட்பது நம் வழக்கம். உண்மையில் கொண்டுவர வேண்டியது அந்தப் பெட்டியில் இருப்பதை.

மூன்றாவது விடை: எண்ணே மூலம்

தேய்ந்த சாவியைத் தடவுவதை விட்டுவிட்டு, அது பிறந்தபோது எந்த ஆழங்களில் வெட்டப்பட்டதோ அந்த எண்வரிசைக்குப் போக வேண்டும் என்பது மூன்றாவது நிலைப்பாடு. இதன் எளிய கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. கைப்பிடியை அழுத்தினால் ஒவ்வொரு பள்ளமாகக் குத்தி எடுக்கும் கிளிப்பர் அது. அமெரிக்கக் கார்ப் பட்டறைகளில் பல பத்தாண்டுகள் இது கோலோச்சியது. எண்ணைத் திருப்பி வைத்து அழுத்த வேண்டும். மின்வெட்டு புதிதல்லாத நம் ஊர்ப்புறங்களுக்கு இக்கருவி ஏற்றதாக இருந்திருக்கும். ஆனால் நம்மிடம் எண் அட்டவணைகள் கடைக்காரர் கைக்கு வந்து சேரவில்லை.

இன்றைய மின்னணு இயந்திரம் சாவியை அளப்பதையும் எண்ணைப் பார்த்து வெட்டுவதையும் இணைக்கிறது. ஸ்டெப்பர் மோட்டார்கள் கட்டரை நகர்த்துகின்றன. சிறு ஊசி ஒன்று சாவியைத் தொட்டு, மின்தொடர்பு கிடைக்கும் புள்ளியைக் கொண்டு ஆழத்தை அளக்கிறது. சிலவற்றில் கேமரா அளக்கிறது. அளந்த எண்ணை அட்டவணையோடு ஒப்பிட்டு, இது மூன்றாம் ஆழம் தேய்ந்தது என்று முடிவுகட்டி, மூன்றாம் ஆழத்தையே புதிதாக வெட்டுகிறது. தடவி வெட்டும் இயந்திரம் தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுக்கும். இது தேய்மானத்தைக் கழித்துவிட்டு வெட்டும். எக்ஸ்ஹார்ஸ் நிறுவனத்தின் டால்பின் போன்றவை உள்ளேயே பேட்டரி கொண்டு, கைபேசியோடு இணைந்து வேலை செய்கின்றன.

வாதம் இங்கே முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடியவில்லை என்பதே என் கணிப்பு. தேய்ந்தது சாவி மட்டுமா? பூட்டின் தகடுகளும் பின்களும் கூடத் தேய்கின்றன. இருசக்கர வண்டியின் பழைய வேஃபர் பூட்டும் அதன் சாவியும் பதினைந்து வருடம் ஒன்றாகவே தேய்ந்திருக்கும். ஆலை எண்ணில் துல்லியமாக வெட்டிய புதுச்சாவி அங்கே முரண்டு பிடிப்பதும், தேய்ந்த சாவியின் பிரதி சட்டென்று திரும்புவதும் நடக்கக்கூடியவை. அப்போது உண்மையான மூலம் எது: பூட்டு பிறந்த நாளின் எண்ணா, இன்று அதைத் திறக்கும் சாவியா? இரண்டாவது விடையின் ஆதரவாளர்கள் வலுவாக நிற்கும் இடம் இது. இன்னும் தர்க்கமாகப் பார்த்தால், பூட்டின் இன்றைய நிலையைப் படிக்கும் முதல் விடைதான் இங்கே வெல்கிறது. அதற்கான கைதான் குறைந்துவிட்டது.

எண்ணாக மாறிய சாவிக்கு இன்னோர் ஆபத்தும் வந்தது. 2008இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், 195 அடி தூரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 60 மீட்டரிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டே சாவியின் எண்ணைக் கணித்துக் காட்டினர். 2020இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சௌந்தர்யா ரமேஷ் உள்ளிட்ட குழு, சாவி பூட்டுக்குள் நுழையும்போது எழும் கிளிக் ஒலிகளைக் கொண்டு பற்களின் இடைவெளியைக் கணக்கிட முயன்றது. ஆறு பின் பூட்டில் 3,30,000க்கும் மேற்பட்ட சாத்தியங்களைச் சில நிலைகளில் மூன்றாகக் குறைக்கலாம் என்றது. ஒலி முறை தெருவில் எந்த அளவுக்குப் பலிக்கும் என்பது ஐயத்துக்குரியது. படம் எடுப்பது எளிது. புதுவீட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடி எடுத்த படத்தைப் பொதுவெளியில் பகிர்பவர்கள் பல்லை மறைத்துக்கொள்வது நல்லது.

சில்லுக்குள் இருக்கும் சாவி

கார்களில் உலோகப் பல் இன்று பாதிச் சாவிதான். பிடிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லு, ஸ்டியரிங் பக்கத்துச் சுருளிலிருந்து பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் வரும் அலையிலிருந்தே மின்சாரம் பெற்று, தன் அடையாளத்தைச் சொல்கிறது. ஏற்கவில்லை என்றால் எஞ்சின் ஓடாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதுக்கார்களுக்கு இத்தகைய எஞ்சின் தடுப்பைக் கட்டாயமாக்கியது. மாறாத எண்ணைச் சொல்லும் பழைய சில்லை அப்படியே நகலெடுக்கலாம். கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை சொல்லும் சில்லை அப்படி நகலெடுக்க முடியாது என்றார்கள். ஆனால் அவ்வகையைச் சேர்ந்த, 40 பிட் ரகசிய எண் கொண்ட டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லை 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உடைத்தனர். மெகாமோஸ் என்ற இன்னொரு சில்லைப் பற்றிய ஆய்வை வெளியிட 2013இல் இங்கிலாந்து நீதிமன்றம் தடை விதித்தது. 2015இல்தான் அது வெளிவந்தது. இங்கே மூலம் என்பது வண்டியின் நினைவகத்தில் பதிந்த ஓர் எண். புதுச்சாவியை நகலெடுப்பதைவிட, அதை ஏற்றுக்கொள்ளும்படி வண்டிக்குச் சொல்லிக்கொடுப்பதே வேலை. அதற்கான கருவி திருச்சுழிச் சிறுகடைக்கு எட்டாத விலையில் இருப்பதால், கார் சாவிக்கு மதுரை போக வேண்டிய நிலை வியப்பல்ல.

நான்காவது விடை: பிரதியே கூடாது

இந்த ஆசைக்கும் வயது உண்டு. 1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடினார்கள். தன் சொந்தச் சாவிக்கு மட்டுமே திறக்கும் பூட்டு செய்வோருக்கு அரசு பரிசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் செய்த பூட்டு, தவறான சாவி போட்டால் தானே சிக்கிக்கொண்டு சொந்தக்காரருக்குக் காட்டிக்கொடுத்தது. 1851 லண்டன் பெருங்கண்காட்சியின்போது அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதைத் திறந்தார். அறுபது ஆண்டு யாரும் திறக்காத ஜோசப் பிராமாவின் பூட்டையும் 16 நாள்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் திறந்தார்.

இன்றைய வடிவம் பிளாங்கைக் கட்டுப்படுத்துவது. காடியின் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கி, பிளாங்கை உரிமம் பெற்ற கடைகளுக்கு மட்டும் தருகிறார்கள். காப்புரிமை 20 ஆண்டில் முடிந்துவிடும் என்பது முதல் ஓட்டை. முப்பரிமாண அச்சு இரண்டாவது: உயர்பாதுகாப்புச் சாவியாகக் கருதப்பட்ட ஷ்லேக் பிரைமஸின் சாவியை 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் அச்சிட்டுக் காட்டினர். பிரதி எடுக்காதே என்று சாவியில் பொறிப்பது வேண்டுகோள் மட்டுமே. கடைக்காரரை அது கட்டுப்படுத்தாது.

நம் நாட்டில் இந்த விடை உலோகத்தைவிட ஏற்பாட்டில்தான் அதிகம் வேலை செய்திருக்கிறது. அறநிலையத் துறைக் கோயில்களின் உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள். சாவிகள் வேறு வேறு கைகளில். வங்கி லாக்கருக்கு வங்கிச் சாவியும் வாடிக்கையாளர் சாவியும் சேர வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறையின்படி, வாடிக்கையாளர் சாவி தொலைந்தால் லாக்கரைத் திறக்கவும் பூட்டை மாற்றவும் ஆகும் செலவை அவரிடமே வாங்கலாம். அங்கே தொலைந்த சாவிக்குப் பிரதி என்ற பேச்சில்லை, பூட்டே மாறுகிறது. ஒற்றைச் சாவியை எவ்வளவு கடினமாக்கினாலும் கிடைக்காத காப்பு, இரண்டு எளிய சாவிகளைப் பிரித்துவைப்பதால் கிடைக்கிறது.

சட்டம் சாவியைவிடச் செயலைப் பார்க்கிறது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 445ஆம் பிரிவு, ஒருவர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதனால் வீட்டைத் திறந்து நுழைவதையும் கன்னமிடுதலாகவே எடுத்துக்காட்டியது. அந்த வரையறை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் தொடர்கிறது. சாவி வெட்டும் தொழிலுக்கென்று தனி உரிமச் சட்டம் இங்கே இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் உரிமம் கேட்கின்றன, பிரிட்டன் கேட்பதில்லை. உரிமம் வந்தால் திருட்டு குறையும் என்பதற்கு வலுவான ஆதாரம் கண்ணில் படவில்லை. உரிமக் கட்டணம் நடைபாதையில் அரம் வைத்துப் பிழைப்பவரை முதலில் வெளியேற்றிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

கரிசல் காட்டில் தீராதவை

கரிசல் மண்ணின் கோடை இந்த வழக்கில் தனிக் கட்சி. குண்டாற்றங்கரையிலும் தறித் தெருக்களிலும் காற்றோடு வரும் நுண்தூசி பூட்டுக்குள் இறங்குகிறது. பூட்டு இறுகினால் நாம் விடுவது தேங்காயெண்ணெய் அல்லது தையல் எண்ணெய். எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகிப் பின்களைப் பாதி உயரத்தில் நிறுத்திவிடும். அப்போது சரியான சாவியும் திறக்காது. பழி சாவி வெட்டியவர்மேல் விழும். உலர்ந்த கிராஃபைட் தூள் இங்கே எண்ணெயைவிடப் பொருத்தம். பல ஆண்டு பூட்டிக்கிடக்கும் வீடுகள் பெருகும் ஊர்களில், சாவி மாற்றுவதற்கு முன்னால் பூட்டைத் துடைப்பதே முதல் சோதனையாக இருக்க வேண்டும்.

நான்கு விடைகளில் எது சரி என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதற்கு இடமில்லை. புதிய பின் பூட்டுக்கு எண் சிறந்தது. பழைய வண்டிப் பூட்டுக்கு இன்று திறக்கும் சாவியே நம்பகமானது. கைவேலை லீவர் பூட்டுக்குப் பூட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. பலர் புழங்கும் பொதுப்பணத்துக்கு இரட்டைப் பூட்டு. தடவி வெட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் போதும் என்ற இன்றைய நடைமுறைதான் இவற்றில் மிகவும் பலவீனமானது. அது பரவியதற்குக் காரணம் விலையும் வேகமும், துல்லியம் அல்ல.

தீராமல் நிற்பவை இரண்டு. ஒன்று, எண் யாரிடம் இருக்க வேண்டும் என்பது. வண்டியோடும் பூட்டோடும் வரும் எண்ணைப் பலர் முதல் வாரத்திலேயே தொலைக்கிறார்கள். நிறுவனத்திடமோ கடையிடமோ சேமித்து வைத்தால் அதுவே கசியும் வழி ஆகலாம். இரண்டாவது திண்டுக்கல்லைப் பற்றியது. ஒவ்வொரு பூட்டுக்கும் அதன் லீவர் உயரங்களைச் செய்த கையே அளந்து ஒரு சிறு அட்டையில் எழுதி வாங்குபவரிடம் கொடுத்தால், தொலைந்த சாவியை அருப்புக்கோட்டையிலேயே வெட்டிக்கொள்ளலாம். அட்டை வந்தால் உயரங்கள் மெல்ல மெல்லச் சில நிலையான படிகளுக்குள் அடங்கிவிடும், அப்போது கைவேலைப் பூட்டின் தனித்தன்மை போய்விடும் என்று மறுப்பவர்களும் இருக்கலாம். அட்டையோடு வந்த பூட்டுகளைச் சில ஆண்டுகள் புழங்கவிட்டுப் பார்க்காமல் இந்த இரு பக்கத்தில் எதையும் தள்ளிவிட முடியாது.